டேங்க் நிரப்பிய நாளில் மட்டும் நின்றுபோன கார்: ஒரு பழுதாய்வு

வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஓடியது 83,000 கிலோமீட்டர். உரிமையாளர் திருமங்கலத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாதம் இரண்டு முறை கோவில்பட்டி வரை போய்வருவார்; மற்ற நாட்களில் மதுரைக்குள் ஓட்டம். வண்டியை எங்கள் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தியதும் அவர் சொன்ன முதல் வார்த்தையே தீர்ப்பாக இருந்தது.

"தம்பி, வண்டியில ஒண்ணும் இல்ல. பெட்ரோல்லதான் எதையோ கலக்குறாங்க."

புகார் இதுதான். சிக்னலில் நின்றால் இன்ஜின் உதறுகிறது, ஸ்டீயரிங் வரை அதிர்வு வருகிறது, ஆர்பிஎம் முள் கீழே விழுந்து எழுகிறது, சில நேரம் அப்படியே ஆஃப் ஆகிவிடுகிறது. ஆஃப் ஆனால் உடனே ஸ்டார்ட் ஆவதில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. கப்பலூர் டோல்கேட் வரிசையில் ஒருமுறை நின்றுபோய், பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்திருக்கிறார்கள். அன்று அவர் மனைவியும் வண்டியில் இருந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்வதில் குறை இல்லை, நெடுஞ்சாலையில் 80-ல் போகும்போதும் குறை இல்லை.

எங்களுக்கு முன்பே இரண்டு இடங்களில் வேலை நடந்திருந்தது. முதல் இடத்தில் பிளக் நான்கு, ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) சுத்தம். இரண்டாவது இடத்தில் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பையே மாற்றியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் வேலை முடிந்ததும் வண்டி நன்றாக ஓடியது. சில நாள் கழித்துப் பழையபடி ஆனது. செலவைவிட அவரை வருத்தியது இந்த "சரியாகி மறுபடி கெடுவது"தான். நம் வண்டியை இனி நம்பி எடுத்துப்போக முடியுமா என்ற கேள்வி வந்துவிட்டால், அந்த வண்டி வீட்டில் நின்றாலும் பாரம்தான்.

முதல் நாள்: எதுவும் கிடைக்கவில்லை

அன்று வண்டி எங்கள் முன்னால் ஒழுங்காக ஓடியது. ஐடில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும் வேகம், 700 ஆர்பிஎம். ஏசி போட்டால் 850. கூலன்ட் 90 டிகிரி. ஸ்கேனரில் பழுதைக் குறிக்கும் கோடு (code) எதுவும் இல்லை. பம்ப் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அதில் பழைய கோடு இருந்திருந்தால் அழிந்திருக்கும்.

பெட்ரோல் ட்ரிம் என்று ஒரு கணக்கு ஸ்கேனரில் தெரியும். ஆக்சிஜன் சென்சார் சைலன்சர் புகையை முகர்ந்து சொல்வதை வைத்து, இன்ஜின் கம்ப்யூட்டர் தான் போடும் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டல் கழித்தலே ட்ரிம். உடனுக்குடன் மாறுவது ஷார்ட் டெர்ம். நாள்பட்டுப் பழகியது லாங் டெர்ம். இரண்டையும் சேர்த்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ப்ளஸ்ஸில் ஏறினால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கூட்டுகிறது. மைனஸில் இறங்கினால் அதிகமாகிவிட்டது என்று குறைக்கிறது. இந்த வண்டியில் அன்று ஷார்ட் டெர்ம் பூஜ்யத்தை ஒட்டியே ஆடியது, லாங் டெர்ம் மைனஸ் 6 சதவீதம். பெரிய குறை என்று சொல்ல முடியாத எண். ஆனால் பம்ப் மாற்றியதை அது கேள்விக்குள்ளாக்கியது. பம்ப் பலவீனமாக இருந்தால் பெட்ரோல் போதாமல் ட்ரிம் ப்ளஸ்ஸுக்குப் போயிருக்க வேண்டும்.

இன்னொரு எண்ணும் அன்றே கண்ணில் பட்டது. ஐடிலில் த்ராட்டில் திறப்பு, இதே ரக வண்டிகளுக்கு நான் குறித்துவைத்திருக்கும் அளவைவிடக் குறைவாக இருந்தது. த்ராட்டில் பாடியை இப்போதுதான் சுத்தம் செய்திருக்கிறார்கள், கரி போன இடத்தில் கொஞ்சம் திறந்தாலே காற்று போதும், அதனால் குறைந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். அங்கே நான் இன்னும் யோசித்திருக்க வேண்டும். த்ராட்டில் வழியாகக் காற்று குறைவாகப் போயும் ஐடில் 700-லேயே நிற்கிறது என்றால், மீதிக் காற்று வேறு வழியாக உள்ளே வருகிறது என்றும் பொருள் உண்டு.

நோட்டுப் புத்தகம்

ஆசிரியரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. பெட்ரோல் போட்ட தேதி, கிலோமீட்டர், ரூபாய், லிட்டர் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். நாங்கள் கேட்காமலே எடுத்து நீட்டினார். பங்க்காரர்கள் மேல் புகார் கொடுக்க ஆதாரமாக வைத்திருந்தது அது. வண்டி நின்றுபோன நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிடச் சொன்னேன். ஐந்து நாட்கள். ஐந்தும் பெட்ரோல் போட்ட நாட்கள்.

அவர் முகத்தில் "நான் சொன்னேனே" என்ற நிம்மதி தெரிந்தது. ஆனால் நோட்டு இன்னும் இரண்டு விஷயம் சொன்னது. ஐந்து முறையும் ஒரே பங்க் இல்லை. மூன்று வெவ்வேறு பங்க்குகள். அதோடு, 500 ரூபாய்க்குப் போட்ட நாட்கள் ஒன்பது இருந்தன. அந்த ஒன்பதில் ஒரு நாள்கூடச் சிவப்பு வட்டம் இல்லை. டேங்க் ஃபுல் செய்த நாட்களில்தான் எல்லா வட்டமும். ஒரே பங்க்கில், ஒரே வாரத்தில், 500-க்குப் போட்டபோது நன்றாக ஓடி, ஃபுல் போட்டபோது நின்றிருக்கிறது. கலப்படத்துக்கு டேங்க் எவ்வளவு நிரம்பியது என்று தெரியாது.

"அப்ப இந்த எத்தனாலா இருக்குமோ சார்?" என்று எங்கள் பட்டறைப் பையன் கேட்டான். நல்ல கேள்வி, இந்தக் காலத்தில் பட்டறைக்கு வரும் எல்லாரும் கேட்கும் கேள்வியும்கூட. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எங்கும் வருகிறது, 2014 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதில்லை. ரப்பர், சீல் விஷயத்தில் எனக்கும் கவலை உண்டு. ஆனால் இந்தப் பழுதில் கணக்கு எதிர்த்திசையில் போகிறது. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எத்தனால் கூடக்கூட, அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். ட்ரிம் ப்ளஸ்ஸில் ஏறும். நம் வண்டி மைனஸில் நிற்கிறது.

பங்க்குக்கே போனோம்

பழுது கண்ணெதிரே வராத வண்டியில் கை வைப்பது எனக்குப் பிடிக்காது. கால் டேங்க் பெட்ரோலோடு, ஆசிரியர் வழக்கமாகப் போகும் பங்க்குக்கு அவரையே ஓட்டச் சொல்லி உடன் போனேன். போனதும் முதல் வேலையாகப் பெட்ரோலின் டென்சிட்டி (அடர்த்தி) பார்க்கச் சொன்னோம். அது வாடிக்கையாளரின் உரிமை, ஃபில்டர் பேப்பர் சோதனையும் அப்படித்தான். ஹைட்ரோமீட்டர் காட்டிய அளவு, வெப்பநிலைக்குத் திருத்திப் பார்த்தபோது, போர்டில் எழுதியிருந்த எண்ணோடு ஒத்துப்போனது. ஃபில்டர் பேப்பரில் விட்ட சொட்டு கறையில்லாமல் காய்ந்தது.

பிறகு நடந்ததை நான் ஓரமாக நின்று பார்த்தேன். "ஃபுல் பண்ணுப்பா." நாசில் உள்ளே போனது. 2,870 ரூபாயில் "டக்" என்று தானாக நின்றது. ஆசிரியர் இறங்கி வந்து, "ரவுண்டா மூவாயிரமாப் போட்ரு" என்றார். பங்க் பையன் நாசிலைச் சற்று வெளியே இழுத்து, விரலால் தட்டித் தட்டி, நிற்க நிற்க மறுபடி அழுத்தி, 3,000-க்குக் கொண்டுவந்தான். மூடியைத் திறந்து பார்த்தால் கழுத்து வரை பெட்ரோல் தளும்பியது. லிட்டர் நூறு ரூபாய்க்குச் சற்று மேல் என்ற விலையில், அந்த 130 ரூபாய் ஒன்றேகால் லிட்டருக்கும் அதிகம்.

வண்டியைத் தள்ளி, காற்றடிக்கும் இடத்தைத் தாண்டி வெளியே நிறுத்தி, ஸ்கேனரை மாட்டினேன். செல்ஃப் அடித்தால் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழெட்டு நொடி கழித்துப் பிடித்தது, பிடித்ததும் உதறல். ஆர்பிஎம் 480-க்கும் 800-க்கும் நடுவே ஊஞ்சலாடியது. ஷார்ட் டெர்ம் ட்ரிம் மைனஸ் 25-க்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஆக்சிஜன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே மாறி மாறி ஆடாமல் 0.85 வோல்ட்டில் உறைந்து நின்றது. சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை. ஒரு நிமிடம் தாண்டவில்லை, ஆஃப். பெண்டிங் கோடாக, அதாவது இன்னும் உறுதியாகாத பழுதுக் குறியாக, பி0172 வந்திருந்தது: கலவையில் பெட்ரோல் அதிகம்.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வராத பழுது வந்துவிட்டது.

எங்கிருந்து வருகிறது பெட்ரோல்?

பட்டறைக்குத் திரும்பி பிளக்குகளைக் கழற்றினோம். நான்கும் ஒரே மாதிரி கறுப்பு, உலர்ந்த புகைக்கரி. இதுவே பாதித் தேடலை மிச்சப்படுத்தியது. சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் ஒரு இன்ஜெக்டர் ஒழுகினால் ஒரு பிளக் கறுக்கும். பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் (coil) ஒன்று செத்தால் ஒரு பிளக் நனையும். நான்கும் சமமாகக் கறுத்தால், நான்குக்கும் பொதுவான ஒரு இடத்திலிருந்து பெட்ரோல் கூடுகிறது.

பொதுவான இடங்கள் கைவிரலுக்குள் அடங்கும். பெட்ரோல் பிரஷர் கேஜ் மாட்டினோம்: 3 பார், ஆடாமல். ஆஃப் செய்தபின்னும் சட்டென்று இறங்கவில்லை. இன்ஜெக்டர் ஒழுகலும் இல்லை. மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) பிரஷர் சென்சார், சாவி மட்டும் போட்ட நிலையில் 99 கிலோபாஸ்கல் காட்டியது. மதுரையின் காற்றழுத்தத்துக்கு அது சரி. கூலன்ட் சென்சாரை மறுநாள் காலை, இரவெல்லாம் நின்ற வண்டியில் பார்த்தேன்: கூலன்ட் 29, உள்ளே போகும் காற்று 29. பொய் சொல்லவில்லை.

மீதி இருந்தது ஒன்று. டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் பிடித்துவைக்க ஒரு டப்பா இருக்கிறது, அதில் கரித்துகள் நிரப்பியிருப்பார்கள். கேனிஸ்டர் என்பது அதுதான். அந்த ஆவியைச் சமயம் பார்த்து இன்ஜினுக்குள் இழுத்து எரிக்க, நடுவில் ஒரு பர்ஜ் வால்வு. கரண்ட் இல்லாதபோது மூடியிருக்க வேண்டிய வால்வு அது. கம்ப்யூட்டர் விட்டு விட்டுக் கரண்ட் கொடுத்துத் திறக்கும். இன்ஜின் சூடாகி, தாங்கும் நிலையில் இருக்கும்போது மட்டும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, உதறிக்கொண்டிருக்கும்போதே, வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் சின்ன ரப்பர் ஹோஸை நோஸ்பிளையரில் துணி சுற்றி நெருக்கினேன். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. உதறல் அடங்கியது. நிஜமாகவே பானட் மேல் வைத்திருந்த டீ கிளாஸ் சத்தம் நின்றது. ட்ரிம் மைனஸ் 25, மைனஸ் 18, மைனஸ் 11 என்று ஏறி வந்தது. விட்டேன்; பத்து நொடிக்குள் மறுபடி உதறல். மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்றாவது முறை ஆசிரியர் கையிலேயே பிளையரைக் கொடுத்து. அவர் நெருக்கினார், விட்டார், நெருக்கினார். "இந்தச் சின்னக் குழாயா தம்பி?" என்றார்.

இந்தக் குழாய் வழியே வருவது சின்ன அளவுதான். ஆனால் இந்த இன்ஜின் ஐடிலில் ஒரு மணி நேரத்துக்கு எரிக்கும் பெட்ரோலே முக்கால் லிட்டருக்குள். அவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறவனுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி வைத்தாலும் திகட்டும். இந்த வண்டியில் காற்றை அளப்பது மேனிஃபோல்டு பிரஷரை வைத்து. அதனால் ஆவியோடு வரும் காற்றையும் கம்ப்யூட்டர் எண்ணி, அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றுகிறது. ஆவியே பெட்ரோல், அதன் மேல் இன்னும் பெட்ரோல். நெடுஞ்சாலையில் இன்ஜின் இழுக்கும் காற்று பல மடங்கு ஆவதால், இதே கசிவு அங்கே காணாமல் போய்விடுகிறது. ஃபுல் டேங்க் குறைந்து, கேனிஸ்டரும் காய்ந்துவிட்டால் அந்த வழியாக வருவது வெறும் காற்று. அந்தக் கூடுதல் காற்றுக்கு ஈடாக கம்ப்யூட்டர் த்ராட்டிலைக் கொஞ்சம் மூடிக்கொண்டு சமாளித்துவிடும். முதல் நாள் நான் பார்த்து விட்டுவிட்ட அந்தக் குறைந்த திறப்பு இதுதான். வேலைக்குப் பிறகு சில நாள் வண்டி "சரியானதும்" இதனால்தான். மாற்றிய சாமானால் அல்ல.

வால்வைக் கழற்றினோம். கரண்ட் கொடுக்காமல் ஒரு பக்கம் கைப்பம்ப்பில் காற்று செலுத்தினால் மறுபக்கம் தாராளமாக வந்தது. வால்வுக்குள் இருக்கும் காயிலின் ரெசிஸ்டன்ஸ் 27 ஓம், நல்ல நிலை. 12 வோல்ட் கொடுத்தால் "டிக்" என்று சத்தமும் வந்தது. மின்சாரத்தில் குறையே இல்லை, அதனால் இந்த வண்டியின் கம்ப்யூட்டர் வால்வைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது பார்ப்பது வயரிங்கை மட்டும். பிறகு வால்வை ஒரு வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்து ஸ்பேனர் பிடியால் தட்டினேன். கறுப்பாக நாலைந்து மணிகள் உதிர்ந்தன. உடைத்த மிளகு போல, ஓரம் கூராக, விரலில் தேய்த்தால் மை ஒட்டியது. கரித்துகள். அதில் ஒன்று வால்வு உட்காரும் ரப்பரில் பதிந்து, நகத்தால் கீறியது போலப் பள்ளம் போட்டிருந்தது.

கரித்துகள் கேனிஸ்டரை விட்டு வெளியே வரக்கூடாத பொருள். அப்படி வந்தது என்றால் வால்வை மட்டும் மாற்றுவது பாதி வேலை. கேனிஸ்டரைக் கழற்றிக் கையில் எடுத்ததுமே தெரிந்தது, கனம். சாய்த்தால் உள்ளிருந்து பெட்ரோல் சொட்டியது, ஆவியாக அல்ல, திரவமாக. கரித்துகளின் வேலை ஆவியைப் பிடிப்பது. பெட்ரோலில் அதை ஊறவைத்தால் பிடிக்கும் சக்தியும் போகும், அதை அடக்கி வைத்திருக்கும் ஃபோமும் கரையும்.

அந்தப் பெட்ரோல் வந்த வழியை நான் பங்க்கிலேயே பார்த்துவிட்டேன். டேங்கில் மேலே கொஞ்சம் வெற்றிடம் இருக்கும்படிதான் நாசில் நிற்கிறது. பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் இருக்கும் பெட்ரோல் நம் வெயிலில் நிற்கும் காரின் டேங்கைவிடக் குளிர்ச்சி. 40 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 400 மில்லி விரியும். அந்த விரிவுக்கும், மேலே எழும் ஆவிக்கும் இடம் வேண்டும். அந்த இடத்தையும் ரவுண்டுக்காகப் பெட்ரோலால் நிரப்பினால், ஆவி போகவேண்டிய குழாயில் பெட்ரோலே போகும். ஒரு நாளில் கெடவில்லை. வருடக்கணக்கில், மாதம் இரண்டு ஃபுல், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரவுண்டு.

செய்த வேலை

பர்ஜ் வால்வும் கேனிஸ்டரும் புதிது. டேங்கிலிருந்து இன்ஜின் வரை போகும் ஆவிக் குழாயை இரண்டு பக்கமும் கழற்றி, காற்றடித்து ஊதினோம். இன்னும் ஒரு சிட்டிகை கரி வந்தது. ஊதாமல் புது வால்வு போட்டிருந்தால் அதே பழுது வேறொரு நாளில் வந்திருக்கும். பிளக்குகள் புதியவையே என்பதால் சுத்தம் செய்து திரும்பப் போட்டோம். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை இருந்தது, ஆகவே இன்ஜின் ஆயிலையும் மாற்றினோம். டேங்கிலிருந்து மூன்று லிட்டர் பெட்ரோலை வெளியே எடுத்தோம்.

இதற்கப்புறம் ஒரு இடறல். எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தால் மறுபடி லேசான நடுக்கம், இந்த முறை ட்ரிம் ப்ளஸ் 18. ஆசிரியர் முகம் வாடிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. கசிவு இருந்த நாட்களில் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக் குறைத்துப் பழகியிருந்தது. கசிவு போனபின்னும் அந்தப் பழக்கத்திலேயே குறைவாக ஊற்றியது. ஸ்கேனரில் பழகிய மதிப்புகளை அழித்தோம். ஏசி இல்லாமல் பத்து நிமிடம், ஏசியோடு பத்து நிமிடம், ஹெட்லைட் போட்டுக் கொஞ்சம், பிறகு பைபாஸில் ஒரு சுற்று. திரும்பி வந்தபோது ஷார்ட் டெர்ம் ப்ளஸ் மைனஸ் 3-க்குள், லாங் டெர்ம் ப்ளஸ் 2. ஐடிலில் த்ராட்டில் திறப்பும் மற்ற வண்டிகளின் அளவுக்கு வந்திருந்தது.

அன்று வண்டியை ஓட்டிப் பார்க்கத்தான் கொடுத்தேன், வேலையை முடித்து ஒப்படைக்கவில்லை. பழுது வந்தது ஃபுல் டேங்கில்; ஃபுல் டேங்கில் பார்க்காமல் "முடிந்தது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. டேங்க் குறையும் வரை இரண்டு நாள் அவரே ஓட்டினார், பிறகு இருவருமாக அதே பங்க்குக்குப் போனோம். நாசில் 2,640-ல் நின்றது. பங்க் பையன் பழக்கத்தில் மறுபடி அழுத்தப் போனான். "போதும்ப்பா, எடுத்துரு," என்றார் ஆசிரியர். ஜிபேயில் 2,640. வண்டி ஒரே செல்ஃபில் பிடித்தது. ஏசி போட்டு இருபது நிமிடம் ஐடிலில் விட்டோம், ட்ரிம் மைனஸ் 2-ஐத் தாண்டவில்லை. அதன்பின் நோட்டில் நான்கு ஃபுல் டேங்க் ஏறியிருக்கிறது. சிவப்பு வட்டம் இல்லை.

மாற்றிய பழைய பெட்ரோல் பம்ப் அவர் டிக்கியில் ஒரு பையில் இருந்தது. கேஜ் மாட்டி ஓட்டிப் பார்த்தேன், நல்ல பிரஷர் கொடுத்தது. மாற்றுப் பொருளாக வைத்துக்கொள்ளச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

பழைய கேனிஸ்டரை ஒரு வாரம் வெளியே நிழலில் காயவைத்து, வாடை முழுக்கப் போனபின் ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தோம். எங்கள் பையனுக்குக் காட்டத்தான். கரியைத் தாங்க வேண்டிய ஃபோம் தகடு விரல் பட்டதும் நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நடுவில் கை நுழையும் அளவுக்குப் பள்ளம். அங்கிருந்த கரிதான் குழாய் வழியே இன்ஜினுக்குக் கிளம்பியிருந்தது. அதை அவன் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, டூல்ஸ் அலமாரியில் வைத்திருக்கிறான். ஃபுல் டேங்க் போட்டுவிட்டு வண்டி உதறுகிறது என்று யார் வந்தாலும், பேச்சை முடிப்பதற்குள் அந்தப் பாட்டிலை எடுத்து வந்துவிடுகிறான்.